ஒரு சாண் தண்ணீர்

தாமல் ஏரிக்கரையை ஒட்டிய டீக்கடை. பெஞ்சில் டேப் சுருளை வைத்துவிட்டு ஒரு டீ சொன்னேன். டேப் இன்னும் ஈரமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தறி நெய்பவர். இரும்பு டேப்பையும் அதன் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைச் சாக்பீஸ் தூளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெணறு அளக்கறீங்களா தம்பி? எத்தினி அடி ஆழம்?"

இந்த வேலையில் இருப்பவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் இதுதான். நான் அளந்தது கிணற்றின் ஆழத்தை இல்லை. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும். அது எங்கே முடிகிறது என்பது எனக்கு வேண்டாம். அதைச் சொன்னதும் பெரியவர் முகம் சற்று விழுந்தது. அடியைத் தொடாமல் அளந்ததெல்லாம் ஒரு அளவா என்பது போலப் பார்த்தார்.

தாமலில் வராகீஸ்வரர் கோயில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிவனின் அடிமுடி தேடிய கதை ஞாபகம் வரும். பன்றியாக வடிவெடுத்து மண்ணைக் குடைந்துகொண்டே போன பெருமாள், கடைசியில் அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டு திரும்பினார். உலகத்தில் எந்த மூலையில் ஆழமான கிணறு இருந்தாலும் மனிதர்களும் அந்தப் பன்றியின் வேலையைத்தான் முதலில் செய்கிறார்கள். கல்லைக் கட்டி இறக்குகிறார்கள், கயிறு போதவில்லை என்கிறார்கள், அடியில்லாக் கிணறு என்று பெயர் வைக்கிறார்கள். தண்ணீரின் மேல்மட்டம் சொல்லும் சேதியைக் கேட்க ஆள் குறைவு.

டீ வந்தது. "கேளுங்க பெரியவரே, சொல்றேன்" என்றேன்.

முதலில் இந்த ஊர்க் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து, நுனியில் ஈயக் குண்டு கட்டி, கிணற்றுக்குள் இறக்குகிறேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, நுனி உள்ளே மூழ்கும்வரை விடுகிறேன். உதாரணத்துக்கு, கைப்பிடிச் சுவரின் விளிம்பில் டேப் சரியாக 9 மீட்டர் காட்டும்போது நிறுத்தி மேலே இழுக்கிறேன். சாக்பீஸ் 42 சென்டிமீட்டருக்கு நனைந்து நிறம் மாறியிருக்கிறது. 9 மீட்டரில் அதைக் கழித்தால் 8.58. கைப்பிடிச் சுவரின் உயரம் முக்கால் மீட்டர். அதையும் கழித்தால் 7.83. தரையிலிருந்து அத்தனை மீட்டர் கீழே தண்ணீர். மின்கலம் போட்ட டேப்பும் உண்டு. நுனி தண்ணீரைத் தொட்டதும் அது 'கீ' என்று கத்தும். வேலை வேகமாக முடியும். ஆனால் மின்கலம் தீர்ந்த நாளில் சாக்பீஸ்தான் சோறு போடும்.

இதில் தவறு செய்ய மூன்று வழி இருக்கிறது. பக்கத்தில் மோட்டார் ஓடும்போது அளந்தால் மட்டம் பொய் சொல்லும். ஆகவே மோட்டார் நின்று, தண்ணீர் பழைய இடத்துக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். போன தடவை சுவரின் கிழக்கு விளிம்பில் அளந்துவிட்டு இந்தத் தடவை மேற்கில் அளந்தால், சுவர் சாய்ந்திருப்பது கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் விளிம்பில் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைக்கிறோம். எத்தனை வருஷம் ஆனாலும், யார் வந்தாலும் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். மூன்றாவது தவறு தேதியும் நேரமும் எழுத மறப்பது. தேதி இல்லாத மட்டம் விலாசம் இல்லாத கடிதம் மாதிரி, எங்கேயும் போய்ச் சேராது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை ஒரே கிணற்றுக்குத் திரும்பத் திரும்பப் போய் அளக்கிறது: ஜனவரியில், கோடையில், ஆகஸ்டில், நவம்பரில். ஒரு தடவை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். நாற்பது தடவை அளந்தால்தான் அந்தக் கிணற்றின் குணம் தெரியும்.

"குணமா?" என்றார் பெரியவர்.

ஆமாம். கிணற்றின் குணம் அடியில் இருக்கும் கல்லின் குணம். காஞ்சிபுரம் வட்டாரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் சார்னோக்கைட், நைஸ் என்கிற கடும்பாறைகள். சார்னோக்கைட் நம் பக்கத்துக் கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த கல்லை ஹாலந்து என்ற புவியியலாளர் ஆராய்ந்தபோது, அது பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல் என்று கண்டு, அந்த மனிதரின் பெயரையே கல்லுக்கு வைத்தார். இந்தக் கல் தண்ணீரைக் குடிக்காது. மேலே மக்கிப்போன பகுதியிலும், கீழே போகும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். அதனால்தான் ஒருவர் போர் போட்டால் பீறிட்டு வருகிறது, பத்தடி தள்ளி அவர் பங்காளி போட்டால் தூசி பறக்கிறது. ஒருவருக்கு வெடிப்பு சிக்கியது, மற்றவருக்குச் சிக்கவில்லை. இதோடு பாலாற்று மணலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மணல் பெரிய பஞ்சு. ஆற்றில் மேலே தண்ணீர் ஓடாத நாளிலும் மணலுக்குள் நகரும் நீரை ஊற்றுக்கால் வெட்டி இழுத்து வந்து பயிர் செய்த ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. பாலாற்று நீரில் நிறையும் தாமல் ஏரியும் தன் பங்குக்கு மெல்ல மெல்லக் கீழே கசிந்து சுற்றுக் கிணறுகளுக்குக் கொடுக்கிறது.

கல் மாறினால் கதை மாறும் என்பதைக் காண காஞ்சிபுரத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல். மேலே எழுந்தது மணற்கல். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரே மழைதான் இரண்டின் மேலும் பெய்தது. கருங்கல் அப்படியே நிற்க, மணற்கல் சிற்பங்கள் முகம் தேய்ந்து பொரிந்து கிடக்கின்றன.

மணற்கல் பொரியும். தண்ணீரில் கரைந்தே போகும் கல்லும் உண்டு. அது சுண்ணாம்புக் கல்.

பெரியவர் டீக்குச் சர்க்கரை அதிகம் போடச் சொல்லியிருந்தார். கிளாஸின் அடியில் ஒரு விரற்கடை கரையாமல் கிடந்தது. அதைக் காட்டினேன். தண்ணீர் எதையும் ஓரளவுக்குத்தான் கரைக்கும். வெறும் மழைத்தண்ணீருக்குச் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும் சக்தி கொஞ்சம்தான். ஆனால் மழை காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக வேர்கள் மூச்சுவிடும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. கோலி சோடாவில் அடைத்திருக்கிற அதே வாயு. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் மிக மிக லேசான சோடா என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரைகிறதே, அந்த வேலையை இந்த லேசான சோடா ஆயிரக்கணக்கான வருஷம் பொறுமையாகச் செய்கிறது. முதலில் மயிரிழை வெடிப்பு. அது குழாயாகிறது, குழாய் குகையாகிறது. ஒருநாள் குகையின் கூரை மேலே இருக்கும் மண்ணின் பாரம் தாங்காமல் உள்ளே விழுகிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு நிலம் வாயைத் திறந்தது போல ஒரு பள்ளம். மனிதர் யாரும் வெட்டாத கிணறு அது. உறிஞ்சுகுழி என்று சிலர் எழுதுகிறார்கள்.

தாமலில் அப்படி ஒன்று உண்டாக வழியில்லை. இங்கே கரையும் கல் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் தெற்குக் கோடியில், திசையன்விளைக்கு அருகே ஆயன்குளம் படுகையில், 2021 மழையின்போது ஒரு விவசாயக் கிணறு பேசப்பட்டது. வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிட்டார்கள். நாள் கணக்கில் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போயும் கிணறு நிரம்பவில்லை. அதிசயக் கிணறு என்று சனம் திரண்டது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். கிணற்றின் பக்கச் சுவர்களுக்கு அப்பால் சுண்ணாம்புக் கல் குடைந்து குகைகளாகப் போவதுதான் காரணம் என்று விளக்கினார்கள். கிணறு தண்ணீரைக் குடிக்கவில்லை, பக்கத்துக் கிணறுகளுக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது.

"அப்ப அடியில்லாக் கெணறு?" பெரியவர் விடுவதாக இல்லை.

அதற்குக் கடலைத் தாண்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் புத்தூருக்கு அருகே நவக்கிரியில் நிலாவரை என்று ஒரு கிணறு இருக்கிறது. குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது பழைய கடலடிச் சுண்ணாம்புக் கல். அந்தக் கல் கரைந்து, கூரை விழுந்து உண்டான பள்ளம் நிலாவரை. வானரச் சேனையின் தாகம் தீர்க்க ராமர் அம்பு விட்ட இடம் என்பது கதை. அங்கே எலுமிச்சம்பழம் போட்டால் வடகரையில் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது இன்னொரு கதை. அடியே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். வெங்காயம், புகையிலை, மனிதர்கள் எல்லாரும் குடிப்பது கிணற்றை. நம்மூர் போலவே ஐப்பசி கார்த்திகை மழைதான் அந்தக் கிணறுகளுக்கு வருஷ வருமானம்.

வாங்க, டீ ஆறுவதற்குள் நிலாவரையில் ஒரு நாள் அளந்துவிட்டு வருவோம்.

விடிவதற்கு முன்பே போக வேண்டும். தோட்டங்களில் மோட்டார்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் கிணறு ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த மட்டம் கிடைக்கும். முதல் வேலை அளவுப் புள்ளி. தாமலில் 'தரையிலிருந்து இத்தனை மீட்டர் கீழே' என்று எழுதினால் போதும். நிலாவரையில் போதாது. அந்தப் புள்ளி கடல் மட்டத்துக்கு எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று மட்டக்கருவி வைத்து, ஊரில் ஏற்கெனவே உயரம் குறிக்கப்பட்ட கல்லிலிருந்து படிப்படியாக அளந்து கொண்டுவர வேண்டும். சென்டிமீட்டர் பிசகக் கூடாது. ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், அங்கே தண்ணீர் பாறைக்குள் மட்டும் இல்லை. கடல் மேலும் உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

குடாநாட்டைச் சுற்றிலும் கடல். துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல் வழியே உப்புநீர் நிலத்துக்கு அடியிலும் பரவியிருக்கிறது. மழைநீர் மேலிருந்து இறங்கி அந்த உப்புநீர்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் கிடக்கும் நல்ல தண்ணீர்ப் படலம் அது. எவ்வளவு தடிப்பு? இதற்குத் தராசுக் கணக்குப் போதும்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் அது ஏறக்குறைய 1025 கிராம் இருக்கும். தராசின் ஒரு தட்டில் 40 லிட்டர் கடல்நீர் வையுங்கள்: 41,000 கிராம். மறு தட்டில் அதே எடைக்கு எத்தனை லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்? 41. இப்போது லிட்டரைச் சாணாக மாற்றிக்கொள்ளுங்கள். கடல்நீர் நாற்பது சாண் உயரத்துக்கு நிற்கும் தூண், நல்ல தண்ணீர் நாற்பத்தொரு சாண் உயரத்துக்கு நிற்கும் தூணோடு சமன். நாற்பதும் நாற்பதும் கழிந்துவிட, மிச்சமிருக்கும் ஒரு சாண் கடல் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். திருப்பிச் சொன்னால், கிணற்றில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது சாண் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கிறது.

நெதர்லாந்து ராணுவப் பொறியாளர் படோன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், ஜெர்மனியின் நோர்டர்னி தீவில் வேலை செய்த ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட்டார்கள். இருவர் பெயரும் சேர்ந்து அதற்குப் பெயராயிற்று. கணக்கு இவ்வளவு சுத்தமாக நிலத்தடியில் நடப்பதில்லை. இரண்டு தண்ணீரும் கத்தியால் வெட்டினது போலப் பிரிந்து நிற்காது. நடுவே உவர்ப்பான கலப்பு வலயம் ஒன்று இருக்கும். தண்ணீர் நகர்ந்துகொண்டும் இருக்கும். ஆனாலும் பயத்தின் அளவைக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

"பயமா?"

மேலே ஒரு சாண் இருந்தால் கீழே நாற்பது சாண் என்றால், மேலே ஒரு சாண் இறங்கினால்? கீழேயிருந்து உப்பு நாற்பது சாண் ஏறிவர வழி திறக்கிறது. உடனே வராது. மெல்ல வரும். ஆனால் வரும். மோட்டார் போட்டு இறைக்கிறவர் கண்ணுக்கு ஒரு சாண் இறங்கியது மட்டும்தான் தெரிகிறது. 'இவ்வளவு பெரிய கிணற்றில் ஒரு சாண்தானே' என்று தோன்றும். அதனால்தான் நிலாவரையில் சென்டிமீட்டர் பிசகக் கூடாது என்றேன். மேலே ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தால் கீழே நாற்பது சென்டிமீட்டர் தண்ணீரை இல்லாத இடத்தில் இருப்பதாக எழுதிவிடுவோம்.

சரி, புள்ளி வைத்தாயிற்று. முதல் அளவு எடுத்தாயிற்று. இனி மாலை வரை மணிக்கு ஒரு முறை. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் அரை மணியில் சலித்துப் போய்விடுவார்கள். அதே கிணறு, அதே டேப், கிட்டத்தட்ட அதே எண். இந்தச் சலிப்பில்தான் சேதி ஒளிந்திருக்கிறது. நோட்டில் எண்களை வரிசையாகப் பார்த்தால், யாரும் இறைக்காத நேரத்திலும் மட்டம் லேசாக ஏறி லேசாக இறங்குவது தெரியும். தூரத்தில் கடல் மூச்சு விடுகிறது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓதத்தின் அழுத்தம் குகைகள் வழியே கிணறு வரை வந்து சேர்கிறது. இலங்கையில் காலனியச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தன் நூலில் இந்தப் புத்தூர்க் கிணற்றைப் பற்றி எழுதியபோதே, மேலே நல்ல தண்ணீரும் கீழே உப்பும் இருப்பதையும், மட்டம் ஏறி இறங்குவதையும் குறித்திருக்கிறார்.

கடலில் ஓதம் உச்சத்தைத் தொடும் நேரத்திலேயே கிணறும் உச்சத்தைத் தொடாது. தாமதமாகும், ஏற்றமும் குறைவாக இருக்கும். காஞ்சிபுரத்தில் தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். வடத்தின் முன்னால் இருப்பவர்கள் இழுத்த பிறகு அந்த இழுப்பு பின்னால் வந்து தேரைத் தொட ஒரு கணம் ஆகும். வடம் விறைப்பாக இருந்தால் சீக்கிரம் வரும், தளர்ந்திருந்தால் தாமதமாகும். அதுபோல, கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே பெரிய குகை வழி திறந்திருந்தால் தாமதம் குறைவு. சின்னச் சின்ன வெடிப்புகளாக இருந்தால் தாமதம் அதிகம், ஏற்றமும் மங்கிப்போகும். ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பதிலிருந்து, யாரும் போய்ப் பார்க்காத குகையின் அகலம் பற்றி ஊகிக்க முடிகிறது.

மத்தியானம் வெயில் ஏறியதும் இரண்டாவது கருவியை எடுக்க வேண்டும். நீண்ட கம்பியின் நுனியில் உப்பறியும் மானி. தண்ணீரில் உப்பு கூடக்கூட மின்சாரம் எளிதாகப் பாயும். மானி அந்தப் பாய்ச்சலை அளக்கும். நல்ல குடிநீரில் சில நூறு மைக்ரோசீமன்ஸ் காட்டும். கடலில் சுமார் 50,000. மானியை மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டும். தடதடவென்று இறக்கினால் நாமே மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் கலக்கிவிடுவோம். முதலில் எண் அசையாது. இன்னும் இறக்கினால் ஏறத் தொடங்கும், பிறகு தாவும். தாவும் இடம்தான் கலப்பு வலயம். அதை வருஷா வருஷம் ஒப்பிட்டால், உப்பு மேலே வருகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று தெரியும். கிணற்றின் அடி எங்கே என்று தேடி இறக்கிய கல் சொல்லாத விஷயத்தை இந்தக் கம்பி சொல்லிவிடும். குடாநாட்டுக்கு முக்கியம் நல்ல தண்ணீரின் அடிதான். பாறையின் அடி எங்கே இருந்தால் என்ன.

சாயங்காலம் சுற்றுத் தோட்டங்களின் கிணறுகளுக்கும் ஒரு நடை போக வேண்டும். சுண்ணாம்புக் கல் பூமியில் கிணறுகள் தனித்தனி வீடுகள் இல்லை, கூட்டுக் குடும்பம். ஒன்றில் நடப்பது மற்றதுக்குத் தெரியும்.

"அந்த எலுமிச்சம்பழம்?" என்று பெரியவர் நினைவுபடுத்தினார்.

பழம் மிதந்ததோ இல்லையோ, கேள்வி சரியான கேள்வி. இங்கே உள்ளே போன தண்ணீர் எங்கே வெளியே வருகிறது? ஜெர்மனியில் டானூப் ஆற்றின் தண்ணீர் ஓரிடத்தில் சுண்ணாம்புக் கல் படுகைக்குள் இறங்கி மறையும். 1877இல் அங்கே 10 கிலோ சாயத்தைக் கரைத்துவிட்டார்கள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் என்ற ஊற்றில், இரண்டரை நாள் கழித்துத் தண்ணீர் பச்சையாகப் பொங்கியது. டானூப்பின் தண்ணீர் நிலத்துக்கு அடியில் கட்சி மாறி, ரைன் ஆற்றில் போய்ச் சேருவது அம்பலமாயிற்று.

சாயம் என்றதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப ஒருத்தன் கழுவி ஊத்தினா இன்னொருத்தன் கெணத்துல வந்துடும்" என்றார்.

அதேதான். நம் மண்ணில் கழிவு மணலிலும் களிமண்ணிலும் மெல்ல இறங்கும்போது கொஞ்சமாவது வடிகட்டப்படுகிறது. கரைந்து குழாயான சுண்ணாம்புக் கல்லில் வடிகட்டி இல்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு மிதந்ததாகப் பத்தாண்டு முன்பு எழுந்த புகார் இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தோட்டங்களுக்குப் போடும் உரத்தின் நைட்ரேட் குடிநீர்க் கிணறுகளில் ஏறுவது அங்கே நீண்ட காலக் கவலை. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. மெக்சிகோவின் யுகாடன் நிலப்பகுதியும் இதே வகைதான். மேலே ஆறில்லாத சுண்ணாம்புக் கல் பூமி. அங்கே நிலம் உள்வாங்கிய குழிகளுக்குச் செனோட்டே என்று பெயர். மாயர்கள் அவற்றை நம்பி நகரம் கட்டினார்கள், அவற்றையே புனிதமாகவும் போற்றினார்கள். தண்ணீர் ஒரே வாசலில் கிடைக்கும்போது மனிதர்கள் அந்த வாசலில் விளக்கேற்றுகிறார்கள். புத்தூரில் ராமர் அம்பு விட்டதும் அப்படித்தான்.

இரண்டாவது டீயும் தீர்ந்தது. பெரியவர் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு ஏதோ பதிலுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னார்: "எங்க வீட்லயும் ஒரு கெணறு இருக்குது தம்பி. நாங்க வெட்டல."

தறிக்குழியைச் சொன்னார். குழித்தறியில் மிதி கட்டையை மிதிக்க, நெய்பவர் கால் தொங்கவிட்டு உட்கார ஒரு பள்ளம் இருக்கும். மழை பலத்து நிலத்தடி நீர் மேலே வரும்போது அந்தப் பள்ளத்தில் ஊற்றெடுக்கும். தறி நிற்கும். கால் நனையும்வரை நெய்துவிட்டு, பிறகு வேலையை விட்டுக் காத்திருக்க வேண்டும். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு ஐப்பசி கார்த்திகை என்றால் அந்தக் கவலையும் சேர்ந்தது.

"ஒரு வாட்டி ரெண்டாவது செங்கல் வரைக்கும் வந்துச்சு. இன்னொரு வாட்டி குழி முழுசா. அப்புறம் சில வருஷம் வரவே இல்ல. போர் போட்டாங்க இல்ல, அதுலேர்ந்து."

நான் நோட்டை எடுத்தேன். இது எந்த வாரியத்திடமும் இல்லாத அளவு. மோட்டார் இல்லாத கிணறு, அசையாத அளவுப் புள்ளி, வருஷா வருஷம் அதே கண். இவ்வளவு நேரம் அளவுப் புள்ளியின் அருமையை இவருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது செங்கல் வந்தது எந்த வருஷம் பெரியவரே?"

யோசித்தார். பேத்தி பிறப்பதற்கு முன்பா பின்பா என்று கணக்குப் போட்டார். பேத்திக்குக் காது குத்தியதிலிருந்து பின்னால் எண்ணினார். கடைசியில் கையை விரித்தார்.

பையிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இந்த ஐப்பசிக்குத் தண்ணி வந்தா, எந்தச் செங்கல்லோ அதுக்கு மேல கோடு போடுங்க. பக்கத்துல தேதி."

"சாக்பீஸ் அழிஞ்சுடுமே தம்பி. தண்ணிதானே வருது."

அவர் சொன்னது சரி. கிணற்று விளிம்பில் புள்ளி வைக்க வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைத் தேடினேன்.